பிள்ளைக்குக் கடவுளைச் சொல்லிக்கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

என் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. இரவுப் பிரார்த்தனைக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். கண்ணை மூடப்போகும் நேரத்தில் கேட்டான்: "அப்பா, பாட்டிக்காக ஆறு மாசம் வேண்டினோமே, அது யாருக்குக் கேட்டுச்சு?" என் அம்மா இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எனக்கு என்ன வந்ததோ, "பேசாம கண்ணை மூடு, இதெல்லாம் கேக்கக் கூடாது" என்று அதட்டிவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றரை வருஷம் கடவுளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரார்த்தனைக்கு வருவான், உட்காருவான், எழுந்து போய்விடுவான். பையனுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வழிபாட்டுத் தலத்தில் பதினோரு வருஷமாக வாரம் ஒரு நாள் சிறுவர் வகுப்பு எடுக்கிறேன். அங்கே பிள்ளைகள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் நான் கோபப்பட்டதில்லை. வீட்டில்தான் சறுக்கினேன். நான் எந்த மதம் என்பது இங்கே முக்கியமில்லை. பல மதத்துப் பெற்றோரிடம் பேசிப் பார்த்துவிட்டேன். வழிபடும் முறைதான் மாறுகிறது, வீட்டுக்குள் நடக்கும் தவறுகள் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கின்றன.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். பிள்ளைகள் நம்பிக்கையிலிருந்து விலகுவதைப் பற்றிப் பேசும்போது நான் மதச்சார்பின்மையைக் குறை சொல்லவில்லை. மதச்சார்பின்மை என்றால் அரசு எல்லா மதத்தையும் சமமாக நடத்துவது. அது நமக்கும் பாதுகாப்புதான், அதோடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. நான் பேசுவது வேறு ஒன்றைப் பற்றி. ஒரு பிள்ளை காலையில் எழுந்து பள்ளிக்குப் போய், விளையாடி, நண்பர்களோடு பேசி, போன் பார்த்து, இரவு படுக்கும்வரை கடவுள் என்ற சொல் காதில் விழாமலே ஒரு நாள் முழுசாக ஓடிவிடுகிறது. யாரும் நம்பிக்கையை எதிர்க்கவில்லை. அதற்கான தேவையே எழவில்லை, அவ்வளவுதான். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மதம் இல்லை' என்று குறித்தவர்கள் 2011-ல் 25 சதவீதம், 2021-ல் 37 சதவீதம். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி எந்த மதத்திலும் சேராதவர்கள் 2007-ல் 16 சதவீதம், 2023-24-ல் 29 சதவீதம். இவர்களில் நிறையப் பேர் வழிபாடு நடந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். என் வகுப்பில் இருந்து விலகிப்போன பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் ஒன்றிரண்டு பேர். மற்றவர்கள் சத்தமில்லாமல் நழுவியவர்கள். நழுவினார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியவே சில வருஷம் ஆனது.

கேள்வியை அடக்குவது

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. மற்றவை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கேள்வி கேட்கும் பிள்ளை இன்னும் வீட்டுக்குள்தான் நிற்கிறான். நம்மிடம் பதில் கிடைக்கும் என்று நம்புவதால்தான் நம்மிடம் கேட்கிறான். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று சொன்னால் கேள்வி அடங்கிவிடாது, வேறு இடம் தேடிப் போகும். அந்த இடம் பெரும்பாலும் அவன் கையில் இருக்கும் போன். அங்கே அவனுக்குப் பதில் சொல்பவர்களுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது.

நம் வேதங்களைத் திறந்து பார்த்தால் கேள்விக்கு எவ்வளவு மரியாதை இருக்கிறது! அர்ஜுனன் வில்லைக் கீழே போட்டுவிட்டுக் கேட்கிறான். கிருஷ்ணர் அவனை அதட்டி வாயை மூடவைக்கவில்லை, கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் வரை பேசுகிறார். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு என்று இப்ராஹீம் நபி இறைவனிடமே கேட்டதைக் குர்ஆன் சொல்கிறது. நீ நம்பவில்லையா என்று இறைவன் கேட்க, நம்புகிறேன், ஆனால் என் மனம் அமைதியடைய வேண்டும் என்கிறார். காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவிடம் இயேசு கையை நீட்டித்தான் காட்டுகிறார். பைபிளின் சங்கீதங்களில் எத்தனையோ பாட்டு, "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற ரகத்துப் புலம்பல். இவ்வளவும் கையில் இருக்கும்போது நாம் எதற்குப் பதறுகிறோம்?

பதற்றத்துக்குக் காரணம் நமக்குப் பதில் தெரியாதது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். "எனக்கும் இதுல குழப்பம் இருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போமா?" என்று கேட்கும் அப்பா, எல்லாம் தெரிந்ததுபோல் பேசும் அப்பாவைவிடப் பிள்ளைக்கு நெருக்கமாகிறார். என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பெயர் எழுதாமல் ஒரு துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி ஒரு டப்பாவில் போடுவார்கள். முதல் வாரம் வந்த பன்னிரண்டு சீட்டில் ஒன்றில் இப்படி இருந்தது: "நான் வேண்டிக்கும்போது யார்கிட்டயும் பேசுற மாதிரியே இல்ல. எனக்கு மட்டும்தானா?" எழுதியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் சத்தமாகப் படித்தபோது எத்தனை பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்பது தெரியும்.

சொல் ஒன்று, நடப்பு ஒன்று

கடோபநிடதத்தில் வரும் நசிகேதன் கதை பலருக்கும் தெரிந்ததுதான். எமனிடம் போய் வரம் கேட்ட பகுதியைத்தான் எல்லாரும் சொல்வோம். அதற்கு முந்தைய பகுதிதான் பெற்றோருக்கானது. அப்பா பெரிய வேள்வி நடத்துகிறார். எல்லாவற்றையும் தானம் கொடுப்பதாகப் பேர். கொடுக்கும் பசுக்களோ புல் தின்னவும் தண்ணீர் குடிக்கவும் தெம்பில்லாத, பால் வற்றிய கிழட்டுப் பசுக்கள். பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். "அப்பா, என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று கேட்கிறான், திரும்பத் திரும்பக் கேட்கிறான். அப்பாவுக்குக் கோபம் வந்து, "உன்னை எமனுக்குக் கொடுக்கிறேன்" என்கிறார்.

எவ்வளவு பழைய கதை, நம் வீட்டில் நேற்று நடந்ததுபோல இருக்கிறது. வேள்வி குறையில்லாமல் நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளையின் கண் பசுவின் மேல் இருக்கிறது. நாம் வழிபாட்டை முடித்துவிட்டு எழுந்த ஐந்தாவது நிமிஷத்தில் வீட்டு வேலை செய்பவரிடம் எப்படிப் பேசுகிறோம், போனில் "நான் ஊர்ல இல்ல" என்று எப்படிச் சொல்கிறோம், வழிபாடு முடிந்து வண்டியில் திரும்பும்போது அங்கே பார்த்தவர்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறோம் என்பதெல்லாம் பின்சீட்டில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது.

ஜோசப் ஹென்ரிக் என்ற மானுடவியலாளர் 2009-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். வாயால் சொல்வது யாருக்கும் சுலபம். அதனால் மனிதர்கள் ஒருவருடைய நம்பிக்கையை எடை போடும்போது, அந்த நம்பிக்கைக்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதையும் பார்க்கிறார்கள். நோன்பு, தானம், நேரம் ஒதுக்குவது, லாபம் தரும் பொய்யை வேண்டாம் என்று தள்ளுவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அவருடைய கட்டுரையைப் படிக்காத நம் பிள்ளைகளும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். நமக்குச் செலவு வைக்காத நம்பிக்கையை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

குறையே இல்லாமல் வாழ்ந்துகாட்ட நம்மில் யாராலும் முடியாது. தவறியபோது மறைக்காமல் ஒத்துக்கொள்வது முடியும். "நான் கத்தினது தப்புடா, கடவுள்கிட்டயும் மன்னிப்பு கேட்டேன், உன்கிட்டயும் கேக்கிறேன்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மன்னிப்பைப் பற்றி எத்தனை வகுப்பு நடத்தினாலும் பிள்ளைக்குக் கிடைக்காதது அந்த ஒரு நிமிஷத்தில் கிடைக்கும்.

வகுப்பில் விட்டால் போதும் என்று நினைப்பது

வகுப்பு எடுப்பவனே சொல்கிறேன், எங்களால் முடிவது கொஞ்சம்தான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு ஐம்பது மணி நேரம் தேறும். பிள்ளை ஒரே மாதத்தில் போனில் செலவிடும் நேரம் பல வீடுகளில் இதைத் தாண்டிவிடும். கணக்கைவிடப் பெரிய காரணம் வேறு. அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஸ்மித் என்ற சமூகவியலாளர் தலைமையில், 2002-ல் தொடங்கி 13 முதல் 17 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மத நம்பிக்கை பற்றிப் பெரிய ஆய்வு நடந்தது. பிள்ளைகளின் நம்பிக்கையை அதிகம் தீர்மானிப்பது பெற்றோர்தான் என்பது அதில் வந்த முடிவுகளில் ஒன்று. இன்னொன்று என்னை உலுக்கியது. நேரில் உட்கார்ந்து பேசியபோது, தாங்கள் என்ன நம்புகிறோம் என்பதைப் பெரும்பாலான பிள்ளைகளால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. "நீ என்ன நம்புகிறாய்?" என்று ஒரு பெரியவர் அவர்களில் பலரிடம் கேட்டதே அதுதான் முதல் தடவைபோல் இருந்தது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

யோசித்துப் பாருங்கள். மார்க் எவ்வளவு என்று கேட்கிறோம், சாப்பிட்டாயா என்று கேட்கிறோம், வேண்டிக்கொண்டாயா என்றுகூடக் கேட்கிறோம். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டதில்லை.

பேசு என்றால் பிரசங்கம் பண்ணு என்று அர்த்தமில்லை. வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளிடம் பேசு என்கிறது பைபிளின் உபாகமம். அன்றாட வேலைக்கு நடுவில் போகிற போக்கில் வரும் பேச்சுதான் அது. "இன்னிக்கு ஆபீஸ்ல ஒருத்தர் பண்ணின தப்பை நான் சொல்லிக் கொடுத்திருந்தா எனக்கு நல்ல பேர் கிடைச்சிருக்கும். வேண்டாம்னு விட்டுட்டேன். ஏன் தெரியுமா?" என்று துணி மடித்துக்கொண்டே ஆரம்பிக்கலாம். இரண்டு நிமிஷம் போதும்.

இதில் அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பக்தி அம்மாவின் இலாகா என்று ஒதுங்கிவிடுகிறோம். தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வெர்ன் பெங்ட்சன் 1970-ல் தொடங்கி, பல தலைமுறைகள் அடங்கிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களை முப்பத்தைந்து வருஷம் பின்தொடர்ந்து படித்தார். பெற்றோர் எவ்வளவு தீவிர பக்தர்கள் என்பது மட்டும் அங்கே போதவில்லை. பிள்ளை அவர்களோடு எவ்வளவு நெருக்கமாக உணர்ந்தது என்பது பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்தது, குறிப்பாக அப்பாவோடு. பக்தி நிறைந்த, ஆனால் பாசத்தைக் காட்டாத, கண்டிப்பான அப்பாக்களின் பிள்ளைகள் விலகிப்போனார்கள். இதைப் படித்த அன்று நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், வெகுநேரம்.

"சாமி கண்ணைக் குத்தும்"

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நான்கு வயதுப் பிள்ளையை அடக்க இது உதவும். பதினைந்து வயதில் அதே பிள்ளை ஒரு பொய் சொல்லும், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அப்போது கண்ணைக் குத்தும் கதையோடு சேர்த்துச் சாமியையும் தூக்கிப் போட்டுவிடும். அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. தப்பு செய்த நாளில்தான் ஒருவனுக்குக் கடவுள் அதிகம் தேவை. போலீஸ்காரராக அறிமுகமான கடவுளிடம் அன்றைக்கு யார் போவார்கள்?

இதற்கு அண்ணன் தம்பி மாதிரியான இன்னொரு தவறு, வேண்டுதலை வியாபாரமாகச் சொல்லிக்கொடுப்பது. நன்றாக வேண்டிக்கொண்டால் பரீட்சையில் பாஸ் என்று சொல்லி வளர்த்தால், ஃபெயில் ஆன அன்று கணக்கு முடிந்தது. படிப்பதற்கு மனத்தெம்பு கொடு, எது வந்தாலும் என்னோடு இரு என்று கேட்கப் பழக்கலாம். நன்றி சொல்லும் நேரம் கேட்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.

வெளியே இருப்பவர்களைக் கெட்டவர்களாகக் காட்டுவது

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றாள். "என் ஃப்ரெண்டு வீட்ல யாருமே சாமி கும்பிட மாட்டாங்க. ஆனா அவங்க அம்மா எங்க எல்லாரையும்விட நல்லவங்க. அது எப்படி அங்கிள்?" அவள் கண்ணில் இருந்தது குறும்பு இல்லை, பயம். நம்பிக்கை இல்லாதவர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். நல்லவரான ஒரே ஒரு நாத்திகரைச் சந்தித்ததும் அந்தச் சுவர் இடிந்துபோகிறது. சுவரோடு சாய்த்து வைத்திருந்த எல்லாமும் கூடவே விழுகின்றன.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அந்த அம்மா நல்லவங்கதான், அதுல சந்தேகமே வேண்டாம். நல்லவங்களைப் பார்த்தா சந்தோஷப்படு. நாம கும்பிடறது அவங்களைவிட நாம உசத்தின்னு காட்டறதுக்கு இல்லம்மா." அவள் முகம் தெளிந்தது.

அறிவியலை எதிரியாக்குவதும் இந்த வகைதான். பள்ளியில் ஆசிரியர் நடத்துவதை வீட்டில் பொய் என்று சொன்னால், ஒரு நாள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி பிள்ளையைத் தள்ளுகிறோம். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927-ல் எழுதி, பின்னாளில் பெருவெடிப்பு என்று அழைக்கப்பட்ட கருத்துக்கு அடித்தளம் போட்ட ஜார்ஜ் லெமேட்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பட்டாணிச் செடி வளர்த்து மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் ஒரு துறவி. தன் கணிதத்தை நாமகிரித் தாயாரின் அருள் என்று சொன்னார் ராமானுஜன். 1979-ல் இயற்பியல் நோபல் வாங்கிய அப்துஸ் சலாம் அந்த விழா விருந்தில் பேசும்போது குர்ஆன் வசனத்தைச் சொன்னார். இவர்களைச் சொல்வதால் கடவுள் இருக்கிறார் என்று நிரூபணம் ஆகிவிடாது, அப்படி வாதாடவும் வேண்டாம். இரண்டையும் ஒரே மனசில் வைத்திருக்க முடியும் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

வயதுக்கு ஏறாத கடவுள்

சட்டை சின்னதானால் புதிது வாங்குகிறோம். ஐந்து வயதில் சொன்ன கடவுளை மட்டும் பதினாறு வயதிலும் அப்படியே மாட்டிவிடப் பார்க்கிறோம். சிறு பிள்ளைகள் கதையை அப்படியே நேராக எடுத்துக்கொள்வார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதுவாக்கில் கண்ணுக்குத் தெரியாத கருத்துகளை வைத்து யோசிக்கும் திறன் வருகிறது என்று பியாஜே என்ற உளவியலாளர் காட்டினார். நம்பிக்கையும் இப்படிப் படிப்படியாக வளர்வதை ஜேம்ஸ் ஃபௌலர் என்ற இறையியலாளர் 1981-ல் விரிவாக எழுதினார். ஆக, வளர்ந்த பிள்ளை "அந்தக் கதை நிஜமாவே நடந்ததா?" என்று கேட்டால் அது பக்தி குறைந்ததன் அடையாளம் ஆகாது, மூளை வளர்ந்ததன் அடையாளம். அந்த வயதில் துன்பம் எதற்கு, அநியாயம் செய்பவன் ஏன் நன்றாக இருக்கிறான் என்ற கனமான விஷயங்களைக் கொடுத்துப் பேசவிட வேண்டும். இன்னும் படம் பார்த்து வண்ணம் தீட்டச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள்.

சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு நேர் எதிரான தவறு நடக்கிறது. வழிபாட்டில் சத்தம் போட்டால் முறைத்து வெளியே அனுப்புகிறோம். தொழுகையில் சிரம் பணிந்திருந்த நபிகள் நாயகத்தின் முதுகில் பேரன் ஏறிக்கொண்டபோது, குழந்தை தானாக இறங்கும்வரை அவர் எழவில்லை என்று ஹதீஸ் சொல்கிறது. பிள்ளைகளைத் தடுத்த சீடர்களை இயேசு கடிந்துகொண்டார். அவர்களுக்கு இல்லாத அவசரம் நமக்கு எதற்கு?

"பெரியவனானா அவனே முடிவு பண்ணட்டும்"

கண்டிப்பில் வளர்ந்து கசந்துபோன பெற்றோர் பலர் இப்படி எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். நோக்கம் நல்லது, எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு மொழியைக் காதிலேயே விழவிடாமல் வளர்த்துவிட்டு, பதினெட்டு வயதில் "இதில் கவிதை படிக்கிறாயா?" என்று கேட்பது தேர்வு ஆகாது. ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு இதை அழகாகச் சொல்கிறது. சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரம் குழந்தைக்கு உண்டு. அதற்கு வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு, குழந்தையின் திறன் வளர வளர அதற்கேற்ப. நாம் கைபிடித்து நடத்துவதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விடுவதும் இரண்டுமே அதற்குள் இருக்கின்றன.

போனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பிடுங்கி வைப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. வழிபாட்டு நேரத்தில் முதலில் நம் போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

"எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொல்லும் நாள்

எல்லாம் சரியாகச் செய்த வீட்டிலும் இந்த நாள் வரலாம். அன்றைக்கு நாம் செய்யும் தவறுதான் காலத்துக்கும் நிற்கிறது. அழுது மிரட்டுவது, "நாங்க என்ன குறை வச்சோம்" என்று கேட்பது, சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு ஆள் சேர்ப்பது, பேச்சை நிறுத்துவது. இதில் எதைச் செய்தாலும் பிள்ளைக்குப் புரிவது ஒன்றுதான்: இவர்களுக்கு நான் வேண்டியிருந்ததெல்லாம் நான் கும்பிடும்வரைதான். அன்று சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லலாம். "சொன்னதுக்கு சந்தோஷம். எனக்கு வருத்தம் இருக்கு, மறைக்க மாட்டேன். ஆனா நீ என் பிள்ளை, அதுல ஒண்ணும் மாறல." அப்புறம் உண்மையிலேயே எதையும் மாற்றாமல் இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம், சிரிப்பு, சேர்ந்து பார்க்கும் மேட்ச் எல்லாம் அப்படியே தொடர வேண்டும்.

என் மகனிடம் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் நான் திரும்பிப் போனேன். அவன் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அன்னிக்கு பாட்டி பத்திக் கேட்டியே, உன்னை அதட்டியிருக்கக் கூடாது. எனக்கும் அதே கேள்விதான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு" என்றேன். அவன் நிமிரவில்லை. கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "கடைசி வாரம் பாட்டி உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சுல்ல, என்ன சொல்றாங்கன்னு நான் குனிஞ்சு கேட்டேன்பா. நம்ம எல்லார் பேரையும் ஒவ்வொண்ணா சொல்லி வேண்டிக்கிட்டு இருந்தாங்க. என் பேரை ரெண்டு தடவை சொன்னாங்க."

இப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. சில வாரம் எங்களோடு வழிபாட்டுக்கு வருகிறான், சில வாரம் வருவதில்லை. இரவுப் பிரார்த்தனையில் வீட்டில் எல்லார் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லும் பழக்கம் அன்றிலிருந்து எங்களுக்கு வந்துவிட்டது. அவன் இருக்கும் நாட்களில் பெயர்களைச் சொல்வது அவன்தான்.